பெருசா எதுவும் நடக்காத கதைங்க ஏன் இவ்ளோ பிடிச்சுப்போகுது?

#1 தாழ்வாரம்

கொஞ்ச காலமாவே நான் தேடிப் பிடிச்சு படிக்கிறது, பாக்கிறது எல்லாம் ஒரே ஜாடையா இருக்கு. யாரும் உலகத்தைக் காப்பாத்த கிளம்ப மாட்டாங்க, யாரும் யாரையும் பழிவாங்க மாட்டாங்க. ஒருத்தர் சின்னதா ஒரு கடை தொறப்பாரு, ஒரு பொண்ணு புது ஊருக்கு குடி போவா, ரெண்டு பேரு சேந்து பழைய வீடு ஒண்ணுக்கு பெயின்ட் அடிப்பாங்க, கதை அவ்வளவுதான். முடிஞ்சதும் "என்ன கதை"ன்னு யாராவது கேட்டா ஒரு வரியில சொல்ல ஒண்ணும் இருக்காது, ஆனா அந்த வீட்டுல எந்த படி சத்தம் போடும்னு கூட ஞாபகம் இருக்கும்.

ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். த்ரில்லர் படிக்கும்போது ஜன்னல்னு ஒரு வார்த்தை வந்தாலே அது வழியா யாரு உள்ள வரப்போறான்னுதான் மனசு ஓடும். பின்னாடி உதவும்னு ஒவ்வொரு சாமானையும் சந்தேகமா பாத்து வெச்சுக்குவோம். இந்த மாதிரி கதையில ஜன்னல் வந்தா அது ஜன்னல்தான், வெளிய என்ன தெரியுதுன்னு நிதானமா எட்டிப் பாக்கலாம். பதட்டம் இல்லாதப்பதான் நான் நிஜமாவே கவனிக்கிறேன். இது நம்ம நாள் எப்படி ஓடுதுங்கறதோடவும் சேந்த விஷயம்னு எனக்கு தோணுது, ஏன்னா நாம நம்ம நாளையும் அந்த த்ரில்லர் மாதிரிதான் படிச்சிட்டு இருக்கோம், அடுத்து என்ன, அடுத்து என்னன்னு. உங்களுக்கும் இப்படி இருக்கா?

#2 கடைசிப்பக்கம்

எனக்கு இல்ல நண்பா, நேராவே சொல்லிடறேன். கதைன்னா ஒருத்தனுக்கு ஒண்ணு வேணும், அது கிடைக்காம ஏதோ தடுக்கணும். அந்த இழுபறி இல்லேன்னா எனக்கு அது கதையே இல்ல, நல்லா எழுதின வர்ணனை. அதோட இன்னொரு சந்தேகமும் இருக்கு. கடனும் வியாதியும் வேலை போற பயமும் இருக்கிற உலகத்துல, எதுவுமே தப்பா போகாத ஒரு ஊரைக் காட்டி நம்மள அங்க தூங்க வைக்கிறது ஒரு மாதிரி மயக்க மருந்துதானே? கஷ்டத்தை நேருக்கு நேரா பாக்கிற கதைதான் என்னைத் தெம்பாக்குது.

#3 ஊதாப்பூ

> எதுவுமே தப்பா போகாத ஊர்

இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். மெல்லிசா சொல்ற கதையில கஷ்டமே இருக்காதுன்னு யாரு சொன்னது?

1988ல வந்த டொட்டோரோங்கிற ஜப்பான் அனிமேஷன் படத்தையே எடுத்துக்கோங்க, ஹயாவோ மியாசாகி எடுத்தது. வில்லன்னு ஒரு ஆளே கிடையாது. ஆனா அந்த ரெண்டு பிள்ளைங்களோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, எப்ப வீட்டுக்கு வருவாங்கன்னு தெரியாது. அம்மா வர்றது தள்ளிப்போகுதுன்னு தெரிஞ்சதும் பெரியவ அதுவரைக்கும் அடக்கி வெச்ச அழுகையெல்லாம் வெடிச்சு வருது, சின்னவ ஒரு சோளக்கதிரை கையில பிடிச்சிட்டு அம்மாகிட்ட கொடுக்கணும்னு தனியா கிளம்பி வழி தெரியாம போயிடறா. இதை விட பெரிய பயம் ஒரு வீட்டுக்கு என்ன வேணும்? ஆனா படம் அந்த பயத்தை வெச்சு நம்மள மிரட்டாது. அப்பாவுக்காக மழையில பஸ் ஸ்டாப்புல குடையோட நிக்கிற சீன்ல பெருசா எதுவும் நடக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா நிக்கிறாங்க பாருங்க, தூங்கி விழற தங்கச்சியை அக்கா முதுகுல ஏத்திக்கிட்டு குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு நிக்கிறது. அந்தப் பொண்ணு எவ்வளவு சீக்கிரமா பெரியவளாக வேண்டியிருந்துச்சுன்னு ஒரு வசனம் கூட இல்லாம அதுல தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, ஹிதோஷி அஷினானோ வரைஞ்ச யோகோஹாமா கைதாஷி கிகோன்னு ஒரு மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், 1994லேந்து 2006 வரைக்கும் தொடரா வந்துச்சு. அதுல கடல் ஏறி ஏறி ஊருங்க முழுகிட்டு வருது, மனுஷ இனமே கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிட்டு இருக்கு. அதுக்கு நடுவுல ஒரு ரோபோ பொண்ணு ஆளே வராத ரோட்டுல காபிக்கடை நடத்துறா, ஸ்கூட்டர்ல சுத்துறா, வர்ற ஒண்ணு ரெண்டு பேரோட பேசிட்டு இருக்கா. உலகம் முடியறது பத்தின கதைதான் அது, ஆனா யாரும் ஓடலை, யாரும் கத்தலை. இந்த வகைக்கு ஜப்பான்ல இயாஷிகேன்னு பேர். 1995ல கோபே நிலநடுக்கமும் டோக்கியோ சுரங்க ரயில் விஷவாயு தாக்குதலும் அடுத்தடுத்து வந்த அதிர்ச்சிக்கப்புறம்தான் மனசுக்கு ஆறுதல் தேடற அந்த அலை அங்க பெருசாச்சுன்னு சொல்லுவாங்க. அடி வாங்கின ஜனங்க கேட்டது இது. அதை மயக்க மருந்துன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

#4 மைதீரா

நான் கொஞ்சம் எழுதறவ, அதனால எழுதற பக்கத்துலேந்து சொல்றேன்.

கடைசிப்பக்கம் சொல்ற "ஒண்ணு வேணும், தடுக்கணும்" ஃபார்முலா மட்டும்தான் கதைக்கு எலும்புன்னு நினைக்க வேண்டாம். கிழக்காசியாவுல நாலு அடி சீனக் கவிதையிலேந்து வந்த ஒரு அமைப்பு இருக்கு, ஜப்பான்ல கிஷோதென்கெட்ஸுன்னு சொல்றாங்க. முதல்ல அறிமுகம், ரெண்டாவது அதோட வளர்ச்சி, மூணாவதுல எதிர்பாக்காத ஒரு திருப்பம், நாலாவதுல எல்லாம் ஒண்ணா சேர்றது. அந்த திருப்பம் சண்டையா இருக்கணும்னு அவசியமே இல்ல, சம்பந்தமில்லாத இன்னொரு விஷயம் பக்கத்துல வந்து உக்காந்தாலே போதும், முன்னாடி பாத்தது வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும்.

ஆனா ஒண்ணு, இது ஈஸின்னு நினைச்சு இறங்கறவங்கதான் ஜாஸ்தி. சஸ்பென்ஸ் இருந்தா சுமாரான வாக்கியத்தையும் வாசகர் தாண்டிப் போயிடுவாங்க, முடிவு தெரியணும்ங்கிற அவசரம் அவங்களை இழுத்துட்டுப் போகும். அந்த இழுப்பு இல்லாதப்ப ஒவ்வொரு வாக்கியமும் தன் கால்ல நிக்கணும். "அவர் அமைதியாக அமர்ந்து மழையை ரசித்தார்"னு எழுதினா அங்க ஒண்ணுமே இல்ல, படிக்கிறவங்க எதைப் பிடிச்சுக்கிறது?

ஒரு உதாரணம் சொல்றேன். வயசான ஒருத்தர் கோட்டுக்கு பட்டன் தைக்கிறாரு. மேலோட்டமா எழுதினா அரை வரி. கிட்ட போய் பாத்தா, அவர் பட்டனுக்கும் துணிக்கும் நடுவுல ஒரு தீக்குச்சியை வெச்சு அது மேலயே நூலை ஓட்டுறாரு. கெட்டித் துணியில பட்டனை ஒட்டத் தைச்சா பட்டன்துளைக்குள்ள போனதும் துணி சுருங்கி இழுக்கும், அதுக்காக கொஞ்சம் இடம் விடறாரு. தைச்சு முடிச்சு குச்சியை உருவிட்டு, தளர்ந்து நிக்கிற நூலைச் சுத்தி மிச்ச நூலை நாலஞ்சு சுத்து சுத்தி கழுத்து மாதிரி பண்ணி அடியில முடிச்சு போடறாரு. இப்ப ஊசியில மிச்சம் இருக்கிற நூல் அந்த சுத்துக்கு போதுமா போதாதான்னு வாசகருக்கு ஒரு கவலை வருது பாருங்க, அதுதான் இந்தக் கதையோட டென்ஷன். அதுக்கு நடுவுல பேத்தி வந்து "இந்தக் கோட்டைப் போட்டுட்டு எங்க தாத்தா போகப் போறீங்க"ன்னு கேக்கிறா. அவர் பதில் சொல்லலை, குச்சியை உருவுறாரு. உயிர் போற விஷயம் ஒண்ணுமில்ல, ஆனா பணயம் இல்லாமயும் இல்ல, அளவுதான் சின்னது.

#5 கடைசிப்பக்கம்

பட்டன் உதாரணம் நல்லா இருக்குங்க, மறுக்கலை. ஆனா அங்க என்னைப் பிடிச்சது அந்தப் பேத்தியோட கேள்விதான். எங்க போகப் போறாரு? பாத்தீங்களா, நான் இப்பவும் அடுத்து என்னன்னுதான் கேக்கிறேன்.

#6 மைதீரா

கேளுங்க, தாராளமா கேளுங்க. ஆர்வமே கூடாதுன்னு நான் சொல்லலையே. "எங்க போறாரு"ன்னு கேக்கிறதுக்கும் "செத்துருவாரா"ன்னு கேக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு, அந்த தூரத்துலதான் நான் எழுத ஆசைப்படறேன்.

#7 பிக்சல்தம்பி

கேம் விளையாடறவங்க பக்கம் ஒரு விஷயம் இருக்கு, இங்க பொருந்தும்னு நினைக்கிறேன்.

ஸ்டார்டியூ வேலின்னு 2016ல வந்த கேம், எரிக் பரோன்னு ஒருத்தர் தனியாளா உக்காந்து பண்ணது. ஆபீஸ் வேலையை விட்டுட்டு தாத்தாவோட பண்ணைக்குப் போய் பயிர் வைக்கிற கதை, நிம்மதியான கேம்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா அதுல ஒரு நாள்ங்கிறது நிஜத்துல சுமார் 14 நிமிஷம்தான். தண்ணி ஊத்தணும், மாடு பாக்கணும், சுரங்கத்துக்குப் போகணும், கடை மூடறதுக்குள்ள விதை வாங்கணும். கொஞ்ச நாள்ல பாத்தா பசங்க ஸ்ப்ரெட்ஷீட் போட்டு எந்தப் பயிருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு லாபம்னு கணக்கு பண்ணிட்டு ஓடிட்டு இருப்பாங்க. ஆபீஸை விட்டு வந்து இன்னொரு ஆபீஸ்.

அனிமல் கிராஸிங்னு இன்னொரு கேம் அப்படி இல்ல, அது நிஜ கடிகாரத்துலயே ஓடும். இங்க ராத்திரின்னா அங்கயும் ராத்திரி, கடை மூடியிருந்தா மூடியிருக்கும், நாளைக்கு வான்னு சொல்லிடும், செடி பூக்கணும்னா காத்திருக்கணும். அந்த கேம் வரிசையில நியூ ஹொரைசன்ஸ்ங்கிற பாகம் 2020 மார்ச் 20 வந்துச்சு, உலகமே வீட்டுக்குள்ள அடைஞ்ச நேரம், அவ்வளவு பேரு அதுக்குள்ள போய் உக்காந்தாங்க. ஆனா அதுலயும் காத்திருக்க முடியாம மெஷினோட தேதியையே மாத்தி வெச்சு நாளைக்கு தாவிப் போறவங்க நிறைய பேரு. அதனால கதையோ கேமோ மெதுவா இருந்தா மட்டும் போதாது, நாம உள்ள கொண்டு போற அவசரம்னு ஒண்ணு இருக்கு.

#8 வாசகி_சுபா

பிக்சல்தம்பி சொன்னது எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு, ஏன்னா நான் வீடியோ எல்லாமே 1.5 வேகத்துலதான் பாப்பேன், ஆடியோ புக்கும் அப்படித்தான். நார்மல் வேகத்துல கேட்டா பேசறவங்க இழுக்கிற மாதிரி இருக்கு. இந்த மாதிரி மெதுவான கதையெல்லாம் ஆசையா ஆரம்பிக்கிறேன், கை தன்னால ஸ்பீடு பட்டனுக்குப் போயிடுது. இதுலேந்து வெளிய வந்தவங்க யாராவது இருக்கீங்களா? உண்மையாவே கேக்கிறேன்.

#9 ஊதாப்பூ

சுபா, தகவலுக்காக கேக்கிறதை வேகமா கேக்கிறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா கதையில ரெண்டு வசனத்துக்கு நடுவுல விடற மௌனமும் கதைதான், 1.5 வெச்சா முதல்ல சாகிறது அதுதான். நெட்ஃப்ளிக்ஸ் 2019ல இந்த ஸ்பீடு வசதியை டெஸ்ட் பண்ணப்ப ஜட் அபடோவ், பிராட் பேர்ட் மாதிரி டைரக்டருங்க கோவப்பட்டது இதுக்குத்தான்.

எனக்கு உதவினது கதையே இல்லாத ஒண்ணு. நார்வேயில என்ஆர்கேங்கிற அரசு டிவி 2009ல பெர்கன்லேந்து ஆஸ்லோ போற ரயிலோட முன்னாடி கேமராவைக் கட்டி பயணம் முழுசையும், ஏழு மணி நேரத்துக்கும் மேல, அப்படியே ஒளிபரப்பினாங்க, அந்தப் பாதைக்கு 100 வயசு ஆனதுக்காக. சுரங்கப்பாதைக்குள்ள போகும்போது மட்டும் பழைய ஆவணப் படங்களைக் காட்டுவாங்க. பத்து லட்சத்துக்கு மேல ஜனங்க அதை கொஞ்ச நேரமாவது பாத்தாங்க, அந்த நாட்டோட ஜனத்தொகையே அப்ப அம்பது லட்சத்துக்கும் கம்மி. அடுத்து 2011ல கடலோரமா போற கப்பலை 134 மணி நேரம் நேரலையா காட்டினாங்க, ஜனங்க கரையில வந்து நின்னு கையாட்டினாங்க. இதை ஸ்பீடு பண்ணிப் பாக்கிறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா போய்ச் சேர வேண்டிய பாயிண்ட்னு ஒண்ணு கிடையாது. கைக்கு எட்டாத தூரத்துல ரிமோட்டை வெச்சிட்டு கொஞ்ச நேரம் பாத்துப் பாருங்க. முதல்ல எரிச்சலாதான் இருக்கும், அப்புறம் பனி ஆரம்பிக்கிற இடம் கண்ணுல படும்.

#10 நைட்ஷிஃப்ட்

எல்லாம் சரிங்க, "நிதானமா வாழுங்க"ன்னு சொல்றவங்க மேல எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு, அதை இங்க கொட்டிடறேன். அந்த போட்டோக்களைப் பாருங்க, வெள்ளை சுவரு, மரத்தட்டு, காலை வெயில்ல புத்தகம். அந்த காலை வெயில் நேரத்துலதான் நான் வேலை முடிஞ்சு வந்து திரையை இழுத்து மூடிட்டு தூங்கப் போறேன். ரெண்டு வேலை பாக்கிறவங்களுக்கு, குழந்தையைத் தனியா வளக்கிறவங்களுக்கு, எஜமான் வெச்ச டார்கெட்டுக்கு ஓடறவங்களுக்கு நிதானம்ங்கிறது காசு கொடுத்தா மட்டும் கிடைக்கிற பொருளா ஆயிடுச்சு. நேரம் இல்லாததை அவங்க குணக்குறை மாதிரி பேசறது சுத்தமா பிடிக்கலை. வேலை நேரம் கம்மியாகணும், சம்பளம் கட்டுபடியாகணும், அதைப் பேசாம மெழுகுவத்தி வாங்கச் சொல்றது என்ன நியாயம்?

அதுக்காக எனக்கு இது வேண்டாம்னு இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து துவைச்ச துணியைக் காயப் போடும்போது போனை உள்ளயே வெச்சிடுவேன். சட்டையை ரெண்டு உதறு உதறினா மடிப்பு விழாது, காலரை மேல வெச்சா தோள்ல க்ளிப் தழும்பு விழும், அதனால கீழ் ஓரத்தைப் பிடிச்சு தலைகீழா மாட்டுவேன், இதை மட்டும் நினைச்சிட்டு இருப்பேன். கொஞ்ச நேரம்தான், ஆனா அந்த நேரம் முழுசா என்னோடது. அதையும் யாராவது லைஃப்ஸ்டைல்னு பேர் வெச்சு விக்காம இருந்தா சரி.

#11 தாழ்வாரம்

நைட்ஷிஃப்ட், நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டியதில்ல. நான் நிதானம்னு சொல்றது நேரம் நிறைய இருக்கிறதைப் பத்தி இல்ல. ஒரு வேலை செய்யும்போது அதை அடுத்த வேலைக்குப் போற பாதையா மட்டும் பாக்காம இருக்கிறது. நீங்க துணி காயப் போடறதை எழுதின விதத்துலயே அது இருக்கு. வேலை நேரம் கம்மியாகணும்ங்கிறது தனிப் போராட்டம், அது நடக்கணும். அது நடக்கிற வரைக்கும் அந்தக் கொஞ்ச நேரமும் பறிபோகக் கூடாதுங்கிறது இன்னொண்ணு.

#12 மீனா_ர

நான் பொதுவா இங்க எழுதறதில்ல, படிச்சிட்டுப் போயிடுவேன். கடைசிப்பக்கம் சொன்ன மயக்க மருந்து வார்த்தைக்காக எழுதறேன், கோவமா இல்ல.

என் அம்மாவுக்கு மறதி வியாதி. ராத்திரி எந்நேரமும் எழுந்திரிப்பாங்க, கதவைத் தொறக்கப் போவாங்க, நான் யாருன்னு கேப்பாங்க. அவங்க அசந்து தூங்கற நேரத்துல நான் பக்கத்துல உக்காந்து படிப்பேன். விறுவிறுப்பான கதை படிச்சா அம்மா எழுந்ததும் எனக்கு எரிச்சல் வந்துடும், நல்ல இடத்துல நிறுத்தினாங்களேன்னு. மெதுவான கதையில அந்தப் பிரச்சினையே இல்ல. எந்த வரியிலயும் மூடலாம், எந்த வரியிலேந்தும் திரும்பத் தொடங்கலாம், அது என்னைக் கோச்சுக்காது. புத்தகத்தை மூடிட்டு அம்மா கையைப் பிடிக்கும்போது என் மனசு பாதி வேற எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்காது.

கஷ்டத்தை நேரா பாக்கிற கதை வேணும்னு சொல்றீங்க. நான் நாள் பூரா அதைத்தான் பாக்கிறேன். திரும்ப போய் பாக்கிறதுக்கு எனக்கு தெம்பு கொடுக்கிறது இந்தக் கதைங்கதான்.

#13 கடைசிப்பக்கம்

மீனா அக்கா, அந்த வார்த்தை உங்களுக்குப் பொருந்தாது, அந்த மாதிரி ராத்திரிகள்ல எனக்கும் வேற மாதிரிதான் தேவைப்படும்.

ஆனா என் சந்தேகத்துல மிச்சம் ஒண்ணு இருக்கு, அதை விட முடியலை. இந்த மாதிரி கதைங்கள்ல நிறைய இடத்துல வேலையே காணாமப் போயிடுது. ஒருத்தர் சாவகாசமா உக்காந்து மழை பாக்கிறாருன்னா, அவர் வீட்டுல தண்ணி யாரு பிடிச்சு வெச்சது, பாத்திரம் யாரு கழுவினது? ஒரு ஆளோட நிதானத்துக்குப் பின்னாடி இன்னொரு ஆள் ஓடிட்டு இருப்பாங்க, பெரும்பாலும் அது ஒரு பொம்பளையா இருக்கும். அவங்களைக் கதையிலேந்து வெளிய தள்ளிட்டு அமைதியான வீடுன்னு காட்டினா அந்த அமைதி பொய்.

#14 மைதீரா

இதை நான் முழுசா ஒத்துக்கறேன். நல்லதையும் போலியையும் பிரிக்க நான் வெச்சிருக்கிற சோதனையும் இதேதான். உண்மையான மெதுவான கதை வேலையைத்தான் கிட்ட போய்ப் பாக்கும். பெருக்கறது, தைக்கிறது, ரிப்பேர் பண்றது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, வேகமான கதைங்க அரை வரியில தாண்டிப் போற வேலைங்க. ஹீரோ சண்டை போட்டு ரத்தக்கறையோட வீட்டுக்கு வருவாரு, அடுத்த சீன்ல சுத்தமான சட்டை. அந்த சட்டையை யாரு துவைச்சாங்கன்னு எந்த ஆக்‌ஷன் கதையும் கேட்டதில்ல. அதைக் கேக்கிற இடம் இதுதான். கேக்கலேன்னா நீங்க சொல்ற மாதிரி அது வெறும் அலங்காரம்.

#15 வாசகி_சுபா

ரயில் வீடியோ கொஞ்சம் பாத்தேன் ஊதாப்பூ. முதல்ல ரெண்டு தடவை போனை எடுத்தேன், அப்புறம் ஒரு சின்ன ஸ்டேஷன் வந்துச்சு, அங்க நிக்கிற ஆளு ரயிலையே பாத்துட்டு நின்னாரு, அவர் எதுக்கு நிக்கிறாருன்னு யோசிச்சிட்டே இருந்தேன். ஒண்ணு கேக்கணும், முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதையையே திரும்பத் திரும்ப படிக்கிறதும் இதே ஆசைதானா? நான் சின்ன வயசுல படிச்சதையே இப்பவும் எடுப்பேன்.

#16 ஊதாப்பூ

ஆமான்னுதான் நினைக்கிறேன். 2011ல லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட்னு ரெண்டு கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளருங்க சிறுகதைகளோட முடிவை முன்னாடியே சொல்லிட்டு படிக்க வெச்சாங்க, முடிவு தெரிஞ்சவங்களுக்குத்தான் கதை அதிகமா பிடிச்சிருந்துச்சு. அப்புறம் வேற சிலர் பண்ண சோதனையில நேர் எதிராவும் வந்திருக்கு, அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா திரும்பப் படிக்கிறப்ப பயம் விலகி கண்ணு சுதந்திரமா சுத்துது, அது எனக்கு ஒவ்வொரு தடவையும் நடக்குது.

#17 மீனா_ர

கடைசிப்பக்கம் தம்பி, நீங்க வேலையைப் பத்தி எழுதினதுக்கு நன்றி. படுக்கையில இருக்கிறவங்களைத் திருப்பிப் போடறதை ஒழுங்கா எழுதின கதையை நான் இதுவரைக்கும் படிச்சதே இல்ல. ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு, அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கி வெச்சுக்கணும், "இப்ப திருப்பப் போறேம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் செய்யணும், இல்லேன்னா பயந்துடுவாங்க. மைதீரா, நீங்க எழுதறவங்கன்னா இதை எழுதுங்க. விவரம் எல்லாம் நான் சொல்றேன்.

#18 மைதீரா

எழுதறேன்க்கா. தனிச் செய்தியில வாங்க, முதல்ல நீங்க ராத்திரி என்னென்ன செய்யறீங்கன்னு வரிசையா சொல்லுங்க, சின்னதுன்னு எதையும் விட்டுடாதீங்க. முடிச்சதும் இங்கயே போடறேன், கடைசிப்பக்கம்தான் முதல்ல படிச்சு எங்க போரடிக்குதுன்னு சொல்லணும்.